குண்டுக்கு முன் நடந்த விபத்து

ஜிந்துப்பிட்டி,
கொழும்பு 13.
14.01.2008

திரு. பூபாலசிங்கம் அவர்களுக்கு,

கையெழுத்தைப் பார்த்துச் சின்னப்பிள்ளை யாரோ எழுதியது என்று கடிதத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இடது கையால் எழுதுகிறேன். பதினொரு வருடம் புதுக்கடையில் ஒரு நொத்தாரிசின் கந்தோரில் தட்டெழுத்தாளராக இருந்தவள் நான். மூன்று மொழியிலும் காணி உறுதிப் பத்திரம் அடித்தவள். இப்போது என் வலது கை தோளிலிருந்து ஈரத்துணி மாதிரித் தொங்குகிறது. அசையாத கைக்கு வலி மட்டும் குறையவில்லை.

என்னை உங்களுக்கு நினைவிருக்கும். போன ஒக்டோபரில் எங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். பஸ்ஸின் காப்புறுதிக் கம்பனி அனுப்பிய மதிப்பீட்டாளர் என்று சொன்னீர்கள். என் கணவர் செபஸ்தியன் நொறுங்கிய ஓட்டோவை உங்களுக்குக் காட்டினார். நான் பிளேன்ரீ கொடுக்கச் சொன்னேன். குடித்தீர்கள்.

உங்கள் அறிக்கையின் பிரதி போன கிழமைதான் எங்கள் வழக்கறிஞர் கைக்கு வந்தது. "இரத்மலானையில் குண்டு வெடித்த பீதியில் பஸ் சாரதி கட்டுப்பாட்டை இழந்தமையால் விபத்து நேர்ந்தது" என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால் அது போரின் விளைவாம். போரின் விளைவுக்குக் கம்பனி பொறுப்பில்லையாம்.

ஐயா, குண்டு வெடித்தது காலை ஒன்பது இருபதுக்கு. அது ஊருக்கே தெரியும். எங்களை பஸ் அடித்தது எட்டரைக்கு. கல்கிசைச் சந்தியில் சிவப்பு விளக்குக்கு நின்றிருந்தோம். இரண்டு பஸ்கள் ஓட்டப்போட்டி போட்டு வந்தன. குண்டுச் சத்தத்தை நான் களுபோவில ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து கேட்டேன். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது, நேர்ஸ்மார் ஓடினார்கள். என்னை அனுமதித்த நேரம் எட்டு ஐம்பது என்று ஒரு துண்டு தந்திருந்தார்கள். அந்தத் துண்டை உங்கள் கையில்தான் கொடுத்தேன். பிரதி எடுக்கவில்லை. ஆஸ்பத்திரிப் பதிவில் திகதி மட்டும்தான் இருக்கிறது, நேரம் இல்லை. பொலிஸும் குண்டுக் குழப்பத்தில் முறைப்பாட்டை மறுநாள்தான் பதிந்தது.

துண்டு எங்கே?

றோஸி செபஸ்தியன்


கொழும்பு 2.
22.01.2008

திருமதி றோஸி செபஸ்தியன் அவர்களுக்கு,

தங்கள் 14ஆம் திகதிய கடிதம் கிடைத்தது.

மேற்படி விபத்து தொடர்பான எனது அறிக்கை, பஸ் சாரதியின் வாக்குமூலத்தையும் அன்றைய நிலைமையையும் கருத்திற் கொண்டே தயாரிக்கப்பட்டது. போர், கலவரம், பயங்கரவாதச் செயல் ஆகியவற்றால் நேரடியாகவோ மறைமுகமாகவோ ஏற்படும் இழப்புகளுக்குக் கம்பனி பொறுப்பேற்காது என்பது காப்புறுதி ஒப்பந்தத்தின் நிபந்தனை. தாங்கள் குறிப்பிடும் துண்டு கோப்பில் காணப்படவில்லை.

இனிமேல் இது தொடர்பாக எனக்குத் தனிப்பட எழுத வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

கை குணமடையப் பிரார்த்திக்கிறேன்.

க. பூபாலசிங்கம்
வாகன விபத்து மதிப்பீட்டாளர்


ஜிந்துப்பிட்டி,
10.03.2008

பூபாலசிங்கம் ஐயா,

எழுத வேண்டாம் என்றீர்கள். எழுதுகிறேன். உங்கள் பிரார்த்தனை என்ன செய்தது என்று நீங்கள் அறிய வேண்டாமா?

கழுத்தடியில் நரம்புகள் வேரோடு பிடுங்கப்பட்டிருக்கின்றன என்று டொக்டர் சொன்னார். தைக்க முடியாதாம். கையைக் கொதிக்கிற எண்ணெய்க்குள் வைத்து யாரோ அழுத்திப் பிடித்திருக்கிற மாதிரி இருக்கும். மாத்திரைக்கு அடங்காது. கையை வெட்டிவிடுங்கள் என்று கேட்டேன். வெட்டினாலும் வலி போகாதாம். வலி இருப்பது கையில் இல்லையாம்.

போன மாதம் கோயில் ஆட்கள் உதவி செய்து என்னைச் சென்னைக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு டொக்டர் அம்மா, முள்ளந்தண்டுக்குள் நூல் மாதிரி இரண்டு வயரைச் செலுத்தினா. வயரின் மறுமுனையில் ஒரு பெட்டி. அதிலிருந்து சின்னச் சின்ன மின்துடிப்பு நரம்புக்குப் போகும். "முதலில் ஏழு நாள் பரீட்சை. பெட்டி வெளியில் இருக்கும். பலன் தந்தால் பிறகு தோலுக்குள் வைத்துத் தைத்துவிடலாம்" என்று சொன்னா. பெட்டியை இடுப்பில் கட்டி, குமிழைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினா.

முதலில் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது. பிறகு, ஐயா, எண்ணெய் ஆறிவிட்டது.

நான் பயந்துபோனேன். கை போய்விட்டதோ என்று தொட்டுப் பார்த்தேன். செபஸ்தியன் கட்டிலடியில் நின்றவர், "என்ன றோஸி, நோவுதா?" என்று கேட்டார். "இல்ல" என்றேன். அதைச் சொல்லிவிட்டு அழுதேன். ஏழு நாள் நித்திரை கொண்டேன். ஏழு நாள் சாப்பிட்டேன். வாசலில் பூக்காரியோடு நின்று ஊர்க்கதை கதைத்தேன்.

எட்டாம் நாள் வயரை உருவினார்கள். அதுதான் முறையாம். "பேர்மனென்ட் பெட்டி எப்ப வைக்கலாம்?" என்று டொக்டர் அம்மா கேட்டா. அந்தப் பெட்டியின் விலைக்கு மூன்று புது ஓட்டோ வாங்கலாம். ஊருக்குப் போய் எழுதுகிறோம் என்றார் செபஸ்தியன். விமானம் ஏறுவதற்குள் எண்ணெய் மறுபடி கொதித்துவிட்டது.

வலி இல்லாமல் இருப்பது எப்படி என்று எனக்கு மறந்துபோயிருந்தது. மறந்தே இருந்திருக்கலாம்.

எட்டு ஐம்பது. நீங்கள் அந்தத் துண்டைக் கண்ணாடி போட்டு வாசித்தீர்கள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

றோஸி


வெள்ளவத்தை,
02.04.2008

தங்கச்சி றோஸிக்கு,

இதைக் கந்தோரிலிருந்து எழுதவில்லை. வீட்டிலிருந்து எழுதுகிறேன். வாசித்த பிறகு உங்கள் வழக்கறிஞரிடம் காட்டுவதோ கிழிப்பதோ உங்கள் விருப்பம்.

துண்டை வாசித்தேன். எட்டு ஐம்பது என்றுதான் இருந்தது. கோப்பில் வைத்தேன். விபத்து குண்டுக்கு முன்னர் நடந்தது, முழுத் தவறும் பஸ்ஸின்மேல் என்று முதல் அறிக்கையும் எழுதினேன்.

எனக்கு ஒரே மகன். கஜரூபன். அப்போது வயது இருபத்திரண்டு. ஒக்டோபர் பன்னிரண்டாம் திகதி வெள்ளவத்தையில் சுற்றிவளைப்பு நடந்தது. பொலிஸ் பதிவு, அடையாள அட்டை எல்லாம் சரியாக இருந்தும் அவனைக் கொண்டுபோனார்கள். மூன்று நாள் எங்கே என்று தெரியவில்லை. என் மனைவி நாகமணி பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. எங்கள் மனேஜருக்கு மேலிடத்தில் ஆட்களைத் தெரியும். போய்க் காலில் விழாத குறையாகக் கேட்டேன். நாலாம் நாள் பிள்ளை வீட்டுக்கு வந்தான்.

அடுத்த கிழமை மனேஜர் உங்கள் கோப்பை என் மேசையில் வைத்தார். இங்கிலீஷில் அவர் சொன்னதன் கருத்து இவ்வளவுதான்: "பூபால், அன்றைக்குக் குண்டு வெடித்ததுதானே. முன்னா பின்னா என்று யார் பார்க்கப் போகிறார்கள்?" என் மகனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை. கோப்பைத் திறந்தேன். என் முதல் அறிக்கையும் இல்லை, உங்கள் துண்டும் இல்லை.

புதிதாக ஒன்று எழுதிக் கையெழுத்து வைத்தேன்.

உங்கள் வீட்டுப் பிளேன்ரீயை நீங்கள் நினைவூட்டியிருக்க வேண்டாம்.

பூபாலசிங்கம்


ஜிந்துப்பிட்டி,
06.04.2008

உங்கள் மகன் வீட்டில் இருக்கிறான். இரண்டு கையாலும் சோறு சாப்பிடுகிறான். அந்தக் கைகளில் ஒன்று என்னுடையது.

இனிக் கடிதம் வேண்டாம். கோர்ட்டுக்கு வந்து சொல்லுங்கள்.

றோஸி


வெள்ளவத்தை,
30.04.2008

தங்கச்சி றோஸிக்கு,

நாற்பது வருடமாக நான் பார்த்ததெல்லாம் நசுங்கிய பம்பரும் உடைந்த ரேடியேட்டரும்தான். உள்ளே இருந்த மனிதர்கள் ஆஸ்பத்திரிக்குப் போன பிறகுதான் என்னைக் கூப்பிடுவார்கள். உங்கள் கடிதம் வந்த பிறகு பொது நூலகத்துக்குப் போய் அந்தப் பெட்டியைப் பற்றி வாசித்தேன். நரம்பு மூளைக்கு அனுப்புகிற வலிச்செய்தியை அது முதுகிலேயே மறித்து, வேறொரு செய்தியை அனுப்பிவிடுகிறதாம். புதிது புதிதாகக் கண்டுபிடிக்கிறார்கள். தோலுக்கு மேலே வைத்துச் சார்ஜ் பண்ணக்கூடிய பற்றறி வந்துவிட்டது. ஆள் படுத்திருக்கிறாரா நிற்கிறாரா என்று தானே உணர்ந்து, துடிப்பைக் கூட்டிக் குறைக்கிற ஒன்றுக்கும் காப்புரிமை எடுத்திருக்கிறார்களாம். இதையெல்லாம் அறிந்து உங்களுக்கு என்ன பயன் என்று கேட்பீர்கள். எனக்குத்தான் தேவைப்பட்டது. எதை உங்களிடமிருந்து பறித்தேன் என்று சரியாக அறிய விரும்பினேன்.

கோர்ட்டில் சொல்வேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். கஜரூபனை மலேசியாவுக்குப் படிக்க அனுப்ப முயல்கிறோம். விசா ஓகஸ்ட் மட்டில் கிடைக்கும் என்கிறார்கள். அவன் விமானம் ஏறிய மறுநாளே நான் சாட்சிக்கூண்டில் நிற்பேன். மனேஜர் பெயரையும் சொல்வேன், அவர் யாரிடம் கதைத்தார் என்பதையும் சொல்வேன். அதுவரை பொறுக்க முடியுமா?

கேட்க எனக்குத் தகுதியில்லை. தெரிந்துதான் கேட்கிறேன்.

பூபாலசிங்கம்


ஜிந்துப்பிட்டி,
17.06.2008

பூபாலசிங்கம் ஐயா,

வழக்கு ஜூலையில் விசாரணைக்கு வரவிருந்தது. தவணை கேட்டுத் தள்ளிப்போடலாம், ஆனால் ஒருமுறைதான் என்கிறார் வழக்கறிஞர். செபஸ்தியனிடம் சொன்னேன். மனிதர் பிளேட்டைத் தள்ளிவிட்டு எழும்பினார்.

"ஒனக்குப் பைத்தியமா? அந்தாள்ட மகன் பிளேன் ஏறுற வரைக்கும் நீ எரிஞ்சிக்கிட்டு இருக்கணுமா?"

"ரெண்டு மாசம்தானே."

"ரெண்டு மாசம்! பாத்ரூமுக்குள்ள துணிய வாயில அடச்சிக்கிட்டு நீ கத்துறது எனக்குக் கேக்காதுன்னு நெனக்கிறியா?"

அவருக்குக் கேட்கிறது என்பது அதுவரை எனக்குத் தெரியாது.

அவருக்குச் சொல்லாத ஒன்றை உங்களுக்கு எழுதுகிறேன். போன வெள்ளிக்கிழமை கொட்டாஞ்சேனையில் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். "அத் உஸ்ஸன்ன" என்றான் ஆமிக்காரன். ஒரு கையைத்தான் தூக்கினேன். மற்றக் கையையும் தூக்கச் சொல்லிக் கத்தினான். ஏலாது என்று சிங்களத்தில் சொன்னேன். நம்பவில்லை. என் வலது கையைப் பிடித்துத் தானே தூக்கினான். நான் போட்ட சத்தத்தில் அவனே பயந்து கையை விட்டுவிட்டான். உடம்புக்குள் வயரும் பற்றறியும் இருந்திருந்தால் அது குண்டு இல்லை என்று என்ன சொல்லி நிரூபித்திருப்பேன் என்று பிறகு யோசித்தேன்.

வரிசையில் எனக்கு முன்னால் ஒரு பொடியன் நின்றான். இருபது, இருபத்திரண்டு இருக்கும். அவனை மட்டும் ஜீப்பில் ஏற்றினார்கள். ஏறும்போது செருப்பு ஒன்று கழன்று விழுந்தது. அதை எடுக்கக் குனிந்தான், விடவில்லை. பஸ் புறப்படும்போதும் அந்தச் செருப்பு றோட்டில் கிடந்தது.

தவணை கேட்கச் சொல்லிவிட்டேன். நவம்பர் ஐந்தாம் திகதிக்குப் போட்டிருக்கிறார்கள். உங்களுக்காக இல்லை. மகனைச் சீக்கிரம் அனுப்புங்கள்.

றோஸி


வெள்ளவத்தை,
09.09.2008

தங்கச்சி,

விசா போன மாதம் இருபத்தெட்டாம் திகதி வந்தது. பத்தாம் திகதிக்கு, அதாவது நாளைக்கு, டிக்கெற் போட்டிருந்தோம்.

மூன்றாம் திகதி காலை பயணப்பை வாங்கப் புறக்கோட்டைக்குப் போனான். காலி வீதியில் பஸ்ஸுக்கு நின்றவனை ஒரு வெள்ளை வான் வண்டியில் ஏற்றினார்களாம். பழக்கடைக்காரர் கண்டிருக்கிறார். இலக்கத்தகடு இல்லை என்கிறார். பொலிஸில் முறைப்பாட்டை எடுக்கவே இரண்டு நாள் சென்றது. மனேஜரிடம் ஓடினேன். இந்தமுறை அவர் அறையைவிட்டு வெளியே வரவில்லை.

இனி எனக்குத் தடை ஒன்றுமில்லை. நவம்பர் ஐந்து வருவேன்.

பூபாலசிங்கம்


ஜிந்துப்பிட்டி,
14.09.2008

ஐயா,

வர வேண்டாம்.

கடிதத்தைச் செபஸ்தியனுக்கு வாசித்துக் காட்டினேன். வாசலில் போய் நின்றுவிட்டு உள்ளே வந்தார். "அந்தாள வர வேணாம்னு எழுது. கோர்ட்ல வாயத் தொறந்தா புள்ளய வச்சிருக்கிறவனுங்க சும்மா இருப்பானுங்களா?" என்றார். ஜூனில் பிளேட்டைத் தள்ளிய அதே மனிதர்தான்.

வேறு சாட்சி தேட முடியுமா என்று பார்க்கிறோம். பஸ்ஸில் வந்த ஒருவராவது கிடைக்காமலா போவார்?

நாகமணி அக்காவைச் சாப்பிட வையுங்கள். என்னால் எழுத முடிந்தது இவ்வளவுதான்.

றோஸி


வெள்ளவத்தை,
06.11.2008

தங்கச்சி றோஸிக்கு,

நேற்று நீங்கள் வலி தாங்காமல் வெளியே போன பிறகு உள்ளே நடந்ததை வழக்கறிஞர் உங்களுக்குச் சொல்லியிருப்பார். ஆனாலும் என் வாயால் சொல்ல வேண்டும்.

வர வேண்டாம் என்று நீங்கள் எழுதியும் வந்தேன். எந்தப் பிள்ளைக்காகப் பொய் எழுதினேனோ அவனை எடுத்துவிட்டார்கள், உண்மையாவது மிஞ்சட்டும் என்று நினைத்து வந்தேன். எட்டு ஐம்பது என்று சொன்னேன். முதல் அறிக்கையைப் பற்றியும் சொன்னேன். நீதிபதி எழுதிக்கொண்டார். அதுவரைதான் நீங்கள் இருந்தீர்கள்.

கம்பனியின் வழக்கறிஞர் எழும்பினார். தமிழர்தான்.

"மிஸ்டர் பூபாலசிங்கம், அண்டைக்குப் பொய் எழுதினீங்களோ, இண்டைக்குப் பொய் சொல்றீங்களோ?"

"அண்டைக்கு."

"ஏன் எழுதினீங்கள்?"

"பயத்தில."

"ஆருக்குப் பயம்? ஆர் வெருட்டினது? பேரைச் சொல்லுங்கோ."

பெயர் நாக்கு நுனியில் இருந்தது. மனேஜரின் பெயரும், பிள்ளையை விடுவிக்க அவர் அன்று என் முன்னால் தொலைபேசியில் கூப்பிட்டவரின் பெயரும். ஒன்பது கிழமையாகப் பிள்ளை இல்லை. எல்லாம் முடிந்துவிட்டது என்றுதான் உங்களுக்கு எழுதினேன், நாகமணிக்குத் தெரியாமல் அப்படித்தான் நம்பியும் இருந்தேன். ஆனால் அந்தக் கூண்டில் நின்றபோது, அவன் எங்கேயோ ஓர் அறையில் உயிரோடு இருக்கிறான் என்று திடீரெனப் பட்டது. நான் இந்தப் பெயரைச் சொன்னால் அந்த அறைக் கதவைத் திறந்து யாரோ உள்ளே போவார்கள் என்று பட்டது.

வாயைத் திறக்க முடியவில்லை. மூன்றுமுறை கேட்டார். "சாட்சி பதில் கூறவில்லை" என்று பதிந்தார்கள்.

இரண்டாம்முறையும் உங்களைக் காட்டிக்கொடுத்துவிட்டேன்.

வெளியே வந்தபோது செபஸ்தியன் தம்பி என் கையைப் பிடித்து மர வாங்கில் இருத்தினார். அதற்குப் பதில் என்னை அடித்திருக்கலாம்.

இன்று காலை கம்பனியிலிருந்து கடிதம் வந்தது. வேலை போய்விட்டது.

பூபாலசிங்கம்


ஜிந்துப்பிட்டி,
19.01.2009

ஐயா,

தீர்ப்பு வந்துவிட்டது. முன்னுக்குப் பின் முரணாகச் சொல்பவரும், காரணம் கேட்டால் மௌனமாக நிற்பவருமான ஒருவரின் சாட்சியத்தை ஏற்க முடியாதாம். பஸ்ஸில் வந்தவர் ஒருவரும் கிடைக்கவில்லை. வழக்குத் தள்ளுபடி.

மேன்முறையீடு செய்யலாம், ஐந்தாறு வருடம் எடுக்கும் என்கிறார் வழக்கறிஞர். செய்யவில்லை. சென்னை டொக்டர் அம்மாவுக்கு, இனி எங்களுக்காகக் காத்திருக்க வேண்டாம் என்று எழுதிப்போட்டேன்.

உங்களை மன்னித்தேன் என்று எழுதப் பார்த்தேன். வரவில்லை. நீங்கள் ஏன் பேசாமல் நின்றீர்கள் என்பது எனக்கு விளங்குகிறது. விளங்குவதால் எண்ணெய் ஆறவில்லை. விடிய எழும்பினால் முதலில் வலி வருகிறது, அடுத்ததாக நீங்கள் வருகிறீர்கள். இரண்டையும் எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

பழைய நொத்தாரிசு ஐயா என்னை மறுபடி கூப்பிட்டிருக்கிறார். தட்டெழுத அல்ல. இப்போது அங்கே வருகிறவர்களில் பாதிப்பேர் பிள்ளையைத் தேடுகிறவர்கள். செஞ்சிலுவைக்கு, மனித உரிமை ஆணைக்குழுவுக்கு, பொலிஸ்மா அதிபருக்கு என்று மூன்று மொழியிலும் மனு எழுத வேண்டியிருக்கிறது. இடது கை இப்போது நன்றாக ஓடுகிறது. ஒரு மனு எழுத முக்கால் மணித்தியாலம் போகும். எழுதுகிற நேரம் வலி குறைவதில்லை. ஆனால் கத்தாமல் இருக்க முடிகிறது.

வெள்ளிக்கிழமை அங்கே உங்கள் மனைவியைக் கண்டேன். என்னை அவவுக்குத் தெரியாது. கஜரூபன் என்று கீழே பெயர் எழுதிய மகனுடைய படத்தைப் பிடித்துக்கொண்டு வாசலடி வாங்கில் இருந்தா. முறை வருவதற்குள் கந்தோர் பூட்டிவிட்டார்கள்.

அக்கா மறுபடி வரிசையில் நிற்க வேண்டாம். விபரங்களை எனக்கு எழுதியனுப்புங்கள். முழுப்பெயர், பிறந்த திகதி, அடையாள அட்டை இலக்கம், உயரம், உடம்பில் உள்ள அடையாளங்கள், கடைசியாகக் கண்ட இடம், நேரம், அன்று போட்டிருந்த உடுப்பு. உடுப்பைத் தெளிவாக எழுதுங்கள். எல்லா இடத்திலும் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள்.

றோஸி


வெள்ளவத்தை,
23.01.2009

தங்கச்சி றோஸிக்கு,

விபரம் கீழே.

பெயர்: பூபாலசிங்கம் கஜரூபன். பிறந்தது: 1985 மார்ச் 11, கொழும்பு. அடையாள அட்டையின் பிரதி இத்துடன் உண்டு. உயரம் ஐந்தடி ஏழு. மாநிறம். இடது புருவத்தில் தழும்பு. ஐந்து வயதில் சைக்கிளிலிருந்து விழுந்தது. மேல்வரிசையில் ஒரு பல் கொஞ்சம் முன்தள்ளியிருக்கும். கண்ணாடி போடுவான், கண்ணாடியின் ஒரு காதில் கறுப்பு நூல் சுற்றியிருக்கும். கடைசியாகக் கண்டது 2008 செப்டெம்பர் 3, காலை ஒன்பதே கால், காலி வீதி, சந்தைக்கு எதிரே உள்ள பஸ் தரிப்பிடம். கண்டவர் பழக்கடை இப்றாஹிம்.

கறுத்தக் காற்சட்டை. பாட்டா செருப்பு.

சேட்டு என்ன நிறம் என்று எனக்குத் தெரியவில்லை. நாகமணி நீலம் என்கிறாள். ஒரு மணித்தியாலம் கழித்துக் கேட்டால் வெள்ளை என்கிறாள். அலுமாரியில் உள்ள சேட்டுகளையெல்லாம் கட்டிலில் பரப்பி, எது இல்லை என்று இரண்டு பேரும் பார்த்தோம். எத்தனை இருந்தன என்றே எங்களுக்குத் தெரியவில்லை. இப்றாஹிம் அந்த வான் வண்டியைத்தான் பார்த்தாராம்.

அன்று காலை நான் முன்னறையில் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தேன். "அப்பா, போயிட்டு வாறன்" என்றான். "ம்" என்றேன். நிமிர்ந்து பார்க்கவில்லை.

சேட்டின் நிறம் எழுத வேண்டிய இடத்தை வெறுமையாக விட்டு அனுப்புங்கள்.

பூபாலசிங்கம்